எச்சிலில் முறை எழுதியிருக்காது

கதிர்,

நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "வேலையா இருக்கேம்மா, பிறகு கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகளைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் தையல் மிஷினை மூடி, அதன் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். பெற்றவள் கையால் எழுதியதைப் பாதியில் மடித்து வைக்க உனக்கு மனசு வராது. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி நடிக்கிறார். "திட்டாம எழுது லா" என்று மட்டும் சொன்னார். முயற்சி செய்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தை மாதம் உன் கல்யாணத்துக்குக் கிள்ளானில் எடுத்த மண்டபத்தை நான் விடவில்லை. விடப்போவதுமில்லை. சமையலுக்குச் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. லோகாவின் முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை வெட்டி வைத்திருக்கிறேன், கை மட்டும்தான் பாக்கி. உன் மனம் ஊசலாடுகிறது என்பதற்காக நானும் சேர்ந்து ஆட முடியாது. ஆனால் அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உன்னை மணவறைக்குத் தள்ளப்போகிறேன் என்றும் நினைக்காதே. இந்த மாதங்களில் நீ காஜாங்கில் நண்பன் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது நான் சும்மா இருக்கவில்லை. என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். உங்கள் பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் எல்லாரும் செய்கிறார்கள் என்று நீயும் லோகாவும் விளையாட்டாக அந்த மரபணுப் பரிசோதனையை வாங்கினீர்கள். குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் நம் பூர்வீகத்தைச் சொல்வார்களாம். "நாம எங்கேருந்து வந்தோம்னு உங்க அப்பாவைக் கேட்டா ஓசியிலேயே சொல்வாரு" என்றேன். சிரித்தீர்கள். முடிவு வந்த அன்று இரண்டு பேரும் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தீர்கள். வரைபடத்தில் தென்னிந்தியா பளிச்சென்று எரிந்தது. உனக்கு மட்டும் ஒரு துளி இந்த மலாயாப் பக்கத்துத் தீவுகள் மேலும் விழுந்திருந்தது. "அம்மா, நம்ம தாத்தா எங்கேயோ சேட்டை பண்ணியிருக்காரு" என்றாய். அப்பாவுக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டார்.

பிறகுதான் உறவினர் பட்டியல் என்று ஒன்று வந்தது. உன் பட்டியலில் மேலே லோகாவின் பெயர். பக்கத்தில், கொள்ளுத்தாத்தா வழி உறவாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. லோகா கைதட்டிச் சிரித்தாள். "பார்த்தீங்களா அத்தை, உங்களுக்கே தெரியாம சொந்தத்துல பொண்ணு எடுத்துட்டீங்க" என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உடனே அதைப் படம் பிடித்து, பூங்கொத்தும் கைகூப்பும் சேர்த்துக் குடும்பக் குழுவில் போட்டேன். நிச்சயதார்த்தத்தன்று லோகாவின் பெரியப்பாவையும் அந்தக் குழுவில் நானே சேர்த்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அந்தத் தவறு என்னுடையது, அதை உன் தலையில் கட்டமாட்டேன்.

மறுநாள் காலை பெரியப்பாவின் குரல் பதிவு வந்தது. "தங்கச்சி, ரொம்ப சந்தோஷம். சொந்தம்னு மெஷினே சொல்லிருச்சு. ஆனா என்ன முறை?" நம் ஆட்களுக்குச் சொந்தம் என்றால் போதாது. மாமன் மச்சான் வழியா, பங்காளி வழியா என்று தெரிய வேண்டும். மாமன் வழி என்றால் முறைப்பெண், மேளம் கொட்டலாம். பங்காளி வழி என்றால் தங்கச்சி, வாயைத் திறக்கக்கூடாது. எவ்வளவு உறவு என்று அந்தக் கம்பெனி அளந்து சொல்கிறது. எந்த வழி உறவு என்று அதனிடம் கேட்டால் விழிக்கிறது. அந்த இடைவெளியில் பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தகப்பன் இல்லாத லோகாவை வளர்த்தவர் பெரியப்பாதான், அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. அவர் கிள்ளானில் வயதானவர்களையெல்லாம் போய் விசாரித்தார். உன் அப்பாவின் தாத்தாவும் தன் தாத்தாவும் கேரித் தீவில் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என்று கண்டுபிடித்தார். இரண்டு குடும்பமும் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தது என்றும் கண்டுபிடித்தார். ஒரே குலசாமி, ஆகவே பங்காளி, ஆகவே லோகா உனக்குத் தங்கை. "மெஷினும் சொல்லிருச்சு, சாமியும் சொல்லிருச்சு" என்று தீர்ப்பை முடித்துவிட்டார். லோகாவின் அம்மா போனில் அழுதார். நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு இப்ப அவளைப் பார்த்தா ஒரு மாதிரியா இருக்கும்மா" என்றாய். அந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு காஜாங் போய்விட்டாய். வேலைக்குக் கிட்டவாம். நம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைவிடக் காஜாங் பெட்டாலிங் ஜெயாவுக்குக் கிட்ட என்று எந்த ஊர் ரயில் ஓட்டுநர் உனக்குச் சொன்னார்?

'ஒரு மாதிரியா இருக்கு' என்று நீ சொன்னது என்னைச் சுட்டது, கதிர். உன் அப்பா எனக்கு யார்? சொந்த அத்தை மகன். கொள்ளுத்தாத்தா வழியும் இல்லை, மெஷினும் வேண்டாம். நான் பிறந்த அன்றே முடிவு செய்த கல்யாணம். சின்ன வயதில் என் சைக்கிளைப் பிடித்துத் தள்ளிவிட்டவரையே கட்டிக்கொண்டு, அவரோடு சண்டை போட்டு, சிரித்து, உன்னை வளர்த்தேன். நீ அந்த வார்த்தையை லோகாவை நினைத்துச் சொன்னாய். ஆனால் அது கூடத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. உனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உனக்குச் சரியாகத் தெரியாது. உனக்கு முன்னால் ஒருவன் பிறந்தான். படம் பார்த்திருக்கிறாய், நாங்கள் அதிகம் பேசியதில்லை. அவனுக்குக் கழுத்து நிற்கவே இல்லை. பாலைக் கூட விழுங்கத் திணறுவான். ஒரு வயது ஆகும் முன்பே போய்விட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் கண்ணேறு என்றார்கள். சொந்தத்தில் கட்டியதால்தான் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உன்னை வயிற்றில் சுமந்த மாதங்கள் முழுவதும் நான் அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் சுமந்தேன். நீ முதல்முறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்த அன்று எவ்வளவு நேரம் அழுதேன் என்று உன் அப்பாவைக் கேள்.

ஆகவே அந்தப் பரிசோதனையைக் குப்பையில் போடு என்று நான் சொல்லவில்லை. இரத்தத்தில் கேட்க வேண்டிய கேள்வி உண்டு என்று எனக்குத் தெரியும். அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. லோகாதான் விசாரித்து, மரபணு ஆலோசனை தரும் ஒரு டாக்டரைக் கண்டுபிடித்தாள். உன்னையும் கூப்பிட்டாள். நீ அவள் செய்திக்குக் கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாய். நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம்.

டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. முதலில் வரைபடத்தைப் பார்த்தார். "ஆன்டி, இவங்க மரபணு முழுசையும் படிக்கல. ஆளுக்கு ஆள் மாறுற இடங்களா பார்த்து ஆங்காங்க கொஞ்சம் படிக்கிறாங்க. அத அவங்ககிட்ட இருக்கிற மத்த ஆளுங்களோட மாதிரியோட ஒப்பிட்டு, இது இந்தப் பக்கத்து ஆளுங்க மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. அவ்ளோதான். நம்ம ஆளுங்க மாதிரி அவங்ககிட்ட நிறைய இருந்தா கணக்கு நல்லா வரும். கொஞ்சம்தான் இருந்தா இப்படித் துளி துளியா எங்கயாவது தெறிக்கும்" என்றார். ஆக, தாத்தா எந்தத் தீவிலும் சேட்டை பண்ணினார் என்பதற்குச் சாட்சி இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் படத்துக்கு முன்னால் நின்று ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு.

பிறகு லோகா உறவினர் பட்டியலைக் காட்டினாள். டாக்டர் அதற்குள் வேறு ஏதோ பக்கத்தைத் திறக்கச் சொன்னார். கோடு கோடாக, அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள். "மொத்தம் எவ்ளோன்னு மட்டும் பார்க்காதீங்க. ஒவ்வொரு துண்டும் எவ்ளோ நீளம்னு பாருங்க. கிட்டத்துச் சொந்தம்னா நீளத் துண்டு சிலது வரும். இவங்க ரெண்டு பேருக்கும் எல்லாமே பொடிப் பொடியா இருக்கு. இது ஒரு தாத்தாகிட்டேருந்து வந்தது இல்ல. ஒரே கூட்டத்துக்குள்ளேயே பல தலைமுறையா கட்டிக்கிட்டு வந்தா, யாரை யாரோட ஒப்பிட்டாலும் இப்படித்தான் வரும். கம்பெனி எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துட்டு சொந்தம்னு போட்டுடுது." அப்படியென்றால் சொந்தமே இல்லையா என்று கேட்டேன். "ரொம்பத் தூரத்துல இருக்கலாம், இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன். கிட்டத்துல இல்ல" என்றார்.

எனக்கு என் தையல் கடைத் தரைதான் ஞாபகம் வந்தது. ஒரு ரவிக்கையை இரண்டாகக் கிழித்தால் பெரிய துண்டும் பெரிய துண்டும் பொருந்தும். தரையில் கிடக்கும் வெட்டுத்துணிகளைக் கூட்டி இரண்டு பைகளில் அள்ளினாலும், இரண்டிலும் ஒரே நிறத் துணுக்குகள் நிறையக் கிடைக்கும். அதனால் இரண்டு பையும் ஒரே ரவிக்கை என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். அதே கதைதான் பெரியப்பாவின் முனியாண்டியும். அது தோட்டத்துக் காவல் சாமி. அங்கே வேலை செய்த அத்தனை குடும்பமும் கும்பிட்டது. அதைக் குலசாமி என்று எடுத்துக்கொண்டால் பாதிக் கிள்ளான் பங்காளியாகிவிடும். அவர் சாமியில் செய்த தவற்றைத்தான் கம்பெனி எச்சிலில் செய்திருக்கிறது. ஒரு கூட்டத்துக்கே பொதுவானதை ஒரு வீட்டுக்குச் சொந்தமானது என்று எண்ணிக்கொண்டது.

எனக்கு வேறொன்றும் உறைத்தது, அதையும் எழுதுகிறேன். அந்தப் பொடித் துண்டுகள் தானாக வந்தவை இல்லை. கடலைத் தாண்டி வந்த பிறகும் சாதி பார்த்து, வட்டாரம் பார்த்து, நம்ம ஆளா என்று கேட்டுக் கேட்டுத்தான் கட்டினோம். நானும் உனக்கு அப்படித்தான் தேடியிருப்பேன், நீயாகவே லோகாவைக் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால். அவள் நம்ம ஆள்தான் என்று தெரிந்ததும் உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்ததே, அந்த நிம்மதியின் விலைதான் இது. உன் பிள்ளை யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், எந்த ஆள் என்று கேட்காதே. நல்ல ஆளா என்று மட்டும் கேள்.

டாக்டர் கடைசியில், "கேட்க வேண்டிய கேள்வி வேற ஆன்டி. ரெண்டு பேரும் ஒரே நோயைச் சுமக்குறாங்களான்னு பார்க்கணும். அது சொந்தக்காரங்களுக்கு மட்டும் இல்ல, ஒரே கூட்டத்துல கட்டுற எல்லாருக்கும்தான்" என்றார். தலசீமியா என்ற இரத்த நோயில் தொடங்கி வேறு சிலவும் பார்க்கலாம் என்றார். லோகா அங்கேயே சட்டைக் கையை மடித்துவிட்டாள். அவளுக்கு ஊசி என்றால் பயம் என்று உனக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது நீ பிடித்திருக்க வேண்டிய கை. பார்த்தவற்றில் அவளிடம் ஒன்றும் இல்லை. அதனால் பெரிய கவலை நீங்கியது என்றார் டாக்டர். என்றாலும் நீயும் போய் இரத்தம் கொடு. உன் அண்ணனைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், உன்னைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறார். நாங்கள் அந்தக் காலத்தில் கேட்கத் தெரியாமல் இருந்ததை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு வாழுங்கள்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னால் கேட்பாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் கிள்ளானுக்குப் போனோம். துண்டு, நீளம், கூட்டம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு என்ன தங்கச்சி தெரியும், மெஷின் பொய் சொல்லுமா?" என்றார். அப்போதுதான் என் பையிலிருந்து இரண்டு குழாயை எடுத்து மேஜையில் வைத்தேன். "சொல்லாதுண்ணே. நீங்களும் அண்ணியும் ஒரு தடவ துப்பிப் பாருங்க" என்றேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் வம்சம் எப்பேர்ப்பட்டது என்று ஊருக்குக் காட்ட ஒரு தாள் கிடைக்குமே. துப்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, குடிக்கவும் கூடாது என்றேன். எதிரே ஆவி பறந்த டீயைப் பார்த்தபடியே காத்திருந்தார். பெரியம்மாவும் இது என்ன சோதனை என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் துப்பினார். "எனக்கும் என்ன வருதுன்னு பார்ப்போமே" என்றார்.

போன வாரம் முடிவு வந்ததும் மறுபடி கிள்ளானுக்குப் போனோம். லோகா போனைப் பிடித்துக்கொண்டு படித்தாள். பெரியப்பாவின் உறவினர் பட்டியலில் முதல் பெயர் லோகா, தம்பி மகள். அது சரி. இரண்டாவது பெயர் பெரியம்மா. பக்கத்தில், உங்கள் இரண்டு பேருக்கும் போட்டிருந்த அதே வரி: கொள்ளுத்தாத்தா வழி உறவாக இருக்கலாம். அவர்கள் இரண்டு பேரும் பெண் பார்த்த அன்றுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டவர்கள், சொந்தம் கிடையாது, இது அவரே நிச்சயதார்த்தத்தில் மைக் பிடித்துச் சொன்ன கதை. நான் மெதுவாக, "அண்ணே, என்ன முறை?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். "அப்ப இத்தன வருஷமா அண்ணன்கூடதான் குடும்பம் நடத்தியிருக்கேன். சரிண்ணே, எந்திரிங்க. தங்கச்சிக்கு ஒரு டீ போட்டுக் கொண்டாங்க." உன் அப்பா சிரித்துப் பல நாளாயிற்று, அன்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெரியப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். உண்மையாகவே டீ போட்டுக்கொண்டு வந்தார், பால் கொஞ்சம் அதிகம். உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெஷினுக்கு முறை தெரியல தங்கச்சி. பையன வரச் சொல்லுங்க" என்றார். தான் தவறு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிது.

இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். லோகா எங்களை வாசல் கேட் வரை கொண்டுவந்து விட்டாள். "இனிமே கவலை இல்லம்மா" என்றேன். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பெரியப்பாவுக்கு அந்தத் தாள் பதில் சொல்லிருச்சு. உங்க மகனுக்கு நான் என்ன பதில் சொல்றது ஆன்டி? அவரு என்கிட்ட ஒன்னுமே கேட்கலையே" என்றாள்.

கவனித்தாயா? ஆன்டி. பெரியப்பா தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து அப்படித்தான். அவர் சொன்ன முறைப்படி நான் அவளுக்குப் பெரியம்மா. அதற்கு அவள் வாய் வரவில்லை. அத்தை என்று கூப்பிடவும் பயம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டபோதும் ஆன்டி என்றுதான் சொன்னாள், என் கடைக்கு ஜிப் மாற்ற வரும் பிள்ளைகள் கூப்பிடுவது போல. பெரியப்பா இறங்கி வந்த பிறகும் அவள் மாற்றவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் காத்திருப்பது பெரியப்பாவின் வார்த்தைக்காக இல்லை.

உன்னிடம் நேராகக் கேட்கிறேன். உனக்கு அவள் வேண்டாம் என்றால், அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நான் மண்டபத்தையும் விடுகிறேன், உன்னையும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கம்பெனிக்காரன் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லாதே. பயம் என்றால் பயம் என்று சொல். உன் அப்பாவும் பயப்பட்டவர்தான். உன் அண்ணன் போன பிறகு இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று என்னைத் தொடாமல் கிடந்தவர். பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து "பயமா இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் நீ.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் மறுபடி கிள்ளானுக்குப் போகிறோம், ரவிக்கை அளவு பார்க்க. கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் நடைமேடையில் நிற்போம். நீ வந்தால் மூன்று பேராகப் போவோம். வராவிட்டாலும் நாங்கள் போவோம், அந்தப் பெண்ணை நான் விடப்போவதில்லை. ஆனால் ஒன்று மட்டும் என் கையில் இல்லை, கதிர். அவள் என்னை மறுபடியும் அத்தை என்று கூப்பிட வேண்டும். அதை நான் கேட்டு வாங்க முடியாது. நீதான் வந்து வாங்கித் தர வேண்டும்.

அம்மா